முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது: வாசகர் கேள்வி-பதில்

வயதின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும் ஆண்டில் மனதில் எழும் கேள்விகளை இந்த இதழுக்காகக் கேட்டிருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படுபவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பொது மருத்துவர், நிதி ஆலோசகர், வழக்கறிஞர் மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். வட்டியும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டுமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வரும் தை மாதம் எனக்கு 30 முடிகிறது. நாலு வருடமாக அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். தினமும் பஸ் ஏறி, புது நத்தம் ரோட்டில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வந்துவிடுவேன். கூடப் படித்தவர்களுக்குக் கல்யாணம் ஆகி, குழந்தையும் ஆகிவிட்டது. 30 ஆகியும் ஒன்றும் செய்யவில்லையே என்ற நினைப்பு தூங்கவிடவில்லை. தொடர்ந்து படிக்கவா, விட்டுவிடவா?
– வாசகர், மேலூர்

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தேர்வைத் தொடர்வதா என்பது ஒன்று. மற்றவர்களோடு ஒப்பிட்டு வரும் வருத்தம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து யோசித்தால் எதற்கும் விடை வராது.

தேர்வை முதலில் பார்ப்போம். டி.என்.பி.எஸ்.சி.யில் வயது ஜூலை 1 நிலவரப்படி கணக்கிடப்படும். குரூப் 1-க்குப் பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 34, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 39. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் ஆகஸ்ட் 1 தான் கணக்கு. பொதுப் பிரிவுக்கு 32, ஓ.பி.சி.க்கு 35, எஸ்.சி., எஸ்.டி.க்கு 37. ஆக, 30 என்பது எந்தக் கதவையும் மூடவில்லை. ஆனால் கதவு திறந்திருப்பதாலேயே தொடர்ந்து படிக்க வேண்டும் என்றும் இல்லை.

இதுவரை எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே அந்தந்த ஆண்டு உங்கள் பிரிவின் கட்-ஆஃபையும் எழுதுங்கள். குரூப் 4 என்றால் 200 கேள்வி, 300 மதிப்பெண், கேள்விக்கு ஒன்றரை. கட்-ஆஃபுக்கு 15 மதிப்பெண் கீழே நிற்கிறீர்கள் என்றால் பத்தே கேள்விகள்தான் வித்தியாசம். இந்த இடைவெளி முயற்சிக்கு முயற்சி சுருங்கி வந்திருந்தால் இன்னொரு சுற்று எழுதலாம். இரண்டு மூன்று முறையும் அதே இடத்தில் நின்றால், படிக்கும் முறையை மாற்றாமல் இன்னும் ஒரு வருடம் கூட்டுவதில் பயன் இல்லை. பெரும்பாலும் கோளாறு இரண்டு இடங்களில் இருக்கும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு தேர்வுகளுக்குப் படிப்பது. மாதிரித் தேர்வு எழுதிவிட்டு, தப்பான கேள்விகளை மறுபடி பிரித்துப் பார்க்காமல் விடுவது. மூன்று மணி நேரம் தேர்வு எழுதினால், அடுத்த மூன்று மணி நேரம் தவறுகளுக்கு ஒதுக்க வேண்டும்.

எந்தத் தேர்வோடு நிறுத்துவது என்று இப்போதே முடிவு செய்து, வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அதுவரை ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாவது சம்பளம் வரும் வேலை பாருங்கள். கையில் சொந்தப் பணம் இல்லாத வருடங்கள்தான் மனதை அதிகம் உடைக்கின்றன; பின்னால் தனியார் வேலைக்குப் போனாலும் முதல் கேள்வி அந்த இடைவெளியைப் பற்றித்தான் இருக்கும். தூக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இரவும் பகலும் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

தறி ஓட்டுகிறேன். வயது 39. மாதம் 18 ஆயிரம் வருகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள். 40 ஆவதற்குள் ஏதாவது பாலிசி போட்டுவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைப் போடுவது?
– வாசகர், செல்லூர்

40-ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாளும் மறுநாளும் உடம்பு ஒன்றுதான். விண்ணப்பப் படிவத்துக்கு அப்படி இல்லை. உங்களுக்கு உண்மையிலேயே மூடப்போகும் கதவு அடல் பென்ஷன் திட்டம். 40-ஐத் தொடுமுன் சேர வேண்டும். சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியிலோ போஸ்ட் ஆபீசிலோ படிவம் கொடுத்தால் போதும்; வருமான வரி கட்டுபவர்கள் மட்டும் சேர முடியாது. 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் பென்ஷன் வேண்டுமானால் 39-ல் சேருபவர் மாதம் 1,318 ரூபாய் கட்ட வேண்டும். 30-ல் சேர்ந்திருந்தால் 577. உங்களுக்குப் பின் மனைவிக்கு அதே பென்ஷன், அவருக்கும் பின் நாமினிக்கு எட்டரை லட்சம். கணக்கில் பணம் இல்லாமல் தவணை தவறுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. கூலி கைக்கு வரும் நாளை அடுத்துத் தவணை பிடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 21 வருடம் கழித்து அந்த 5,000 ரூபாய்க்கு இன்றைய 1,500 ரூபாய்ச் சாமான்தான் வாங்க முடியும். அதனால் இதை மட்டும் நம்பி உட்கார முடியாது, ஆனாலும் சேருங்கள்.

ஆனால் பென்ஷனுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆனால் வீடு தடுமாறாமல் பார்ப்பது. ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு தரும் ஜீவன் ஜோதி, 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் சுரக்ஷா, இரண்டுக்கும் வங்கியில் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஜீவன் ஜோதியில் 50 வயது வரை சேரலாம், 55 வரை காப்பு உண்டு. மே கடைசியில் கணக்கில் பணம் இருக்கட்டும், புதுப்பிப்பு அப்போதுதான்.

அடுத்தது டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி. ஆண்டு வருமானத்தைப்போல் பத்து முதல் பதினைந்து மடங்கு என்பது பொதுக் கணக்கு. உங்களுக்கு அது சுமார் 22 முதல் 32 லட்சம். முடிந்த வயதைச் சில பாலிசிகள் எடுத்துக்கொள்ளும். சில பாலிசிகளோ நெருங்கிய பிறந்தநாளை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வகையில் 39 வயது ஆறு மாதம் தாண்டினாலே 40 என்று கணக்காகி பிரீமியம் ஏறிவிடும். எனவே தள்ளிப்போடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் அதைப் படிவத்தில் எழுதிவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மறைத்துவிட்டால் முதல் மூன்று ஆண்டுக்குள் பணம் கேட்கும்போது அதைக் காட்டியே மறுப்பார்கள். மூன்று ஆண்டு கடந்துவிட்டால், காப்பீட்டுச் சட்டம் 45-ஆவது பிரிவின்படி பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. பிள்ளைகளை நாமினி ஆக்கினால், 18 ஆகும் வரை பணத்தை வாங்க ஒரு பெரியவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

சேமிப்பும் காப்பீடும் கலந்த, 20 வருடம் கழித்துப் பணம் திரும்பும் பாலிசியைத்தான் பெரும்பாலும் உங்களிடம் காட்டுவார்கள். அதே பிரீமியத்துக்குக் கிடைக்கும் காப்புத்தொகை மிகக் குறைவு. உங்கள் வருமானத்துக்கு அது வேண்டாம்.

சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை. வயது 42. நகத்தால் துணியைக் கிள்ளி நூல் சுற்றும்போது புள்ளி தெரிய மாட்டேன் என்கிறது. தள்ளிப் பிடித்தால் தெரிகிறது. ஆனால் கைக்கு வசதி இல்லை. ரெடிமேட் கண்ணாடி போடலாமா?
– வாசகி, மதுரை தெற்கு

இது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது வளைந்து பருத்துக்கொள்ளும். வயது ஏற ஏற அது விறைத்து, 40-ஐ ஒட்டி இந்தச் சிரமம் வெளியே தெரிகிறது. கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும், போடாமல் தாக்குப்பிடித்தால் பவர் ஏறாது என்பதெல்லாம் உண்மை இல்லை. போட்டாலும் போடாவிட்டாலும் 60 வயது வரை பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். 40-ஐ ஒட்டிப் பலருக்கும் ப்ளஸ் 1-ல் தொடங்கும், 50-ல் 2 ஆகும், 60-ல் இரண்டரையில் நிற்கும்.

ரெடிமேடில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான். கண்ணுக்குக் கண் வித்தியாசமோ சாய்வுப் பவரோ இருந்தால் சாயங்காலம் தலைவலி வரும். அதைவிடப் பெரிய காரணம் வேறு. கண் நீர் அழுத்த நோய் வலி இல்லாமல், பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் தின்னும். ரெடிமேட் வாங்குபவர் அந்தப் பரிசோதனை இல்லாமலே வந்துவிடுகிறார். 40-ல் ஒருமுறை கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள்வது அவசியம். அப்பா அம்மாவுக்கு அந்த நோய் இருந்தால் கட்டாயம்.

உங்கள் வேலைக்கு ஒரு விஷயம் முக்கியம். சாதாரணமாகப் படிக்கிற கண்ணாடியை 40 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். முடிச்சுப் போடும்போது துணி முகத்துக்கு 30 சென்டிமீட்டர் கிட்ட வரும். அதற்குச் சுமார் முக்கால் பவர் கூடுதலாகத் தேவைப்படும். பரிசோதனைக்குப் போகும்போது பாதி முடிச்சுப் போட்ட துணித் துண்டை எடுத்துப் போங்கள். வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்து பிடித்துக் காட்டி, அந்தத் தூரத்தை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். வேலைக்கு அந்தக் கண்ணாடி தனியாக இருப்பதுதான் நல்லது. மேலே தூரம், கீழே கிட்டம் என்று கோடு போட்ட பைஃபோகலோடு மாடிப்படி இறங்கினால் படி மங்கித் தெரியும். தடுமாறி விழுகிறவர்கள் உண்டு. சுகர் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரை பார்க்க வேண்டும். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போடுவார்கள், சில மணி நேரம் பார்வை கலங்கும், அன்று டூவீலர் ஓட்டாதீர்கள்.

2006-ல் எடுத்த லைசென்ஸ் இந்த வருடம் முடிகிறது. எனக்கும் 40 ஆகிறது. என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், அவனியாபுரம்

சாரதி இணையதளத்தில் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். 40 முடிந்தவர்களுக்குப் படிவம் 1-ஏ, அதாவது டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவச் சான்று, கட்டாயம். தேதி முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். முன்பு முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று இருந்தது. 2019 சட்டத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. முடிந்த மறுநாள் விபத்து நடந்தாலும் இன்சூரன்ஸில் சிக்கல்தான்.

அந்தத் திருத்தத்தின்படி 30 வயதுக்குள் லைசென்ஸ் எடுப்பவருக்கு 40 வரை செல்லும். 30-க்கும் 50-க்கும் இடையில் எடுத்தாலோ புதுப்பித்தாலோ பத்து ஆண்டு. 50-க்கும் 55-க்கும் இடையில் என்றால் 60 வரை. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டு. முகவரி மாறியிருந்தால் அதையும் இதே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

கீழமாசி வீதியில் மொத்தக்கடை. காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை கல்லாவில்தான். 40 ஆகிவிட்டது. 2,500 ரூபாய்க்கு 70 டெஸ்ட் என்று ஒரு மாஸ்டர் செக்கப் நோட்டீஸ் வந்தது. எடுக்கலாமா?
– வாசகர், மதுரை

70 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே ஒரு ரத்த அணுப் பரிசோதனையில் இருபது வரி ரிசல்ட் வரும். அதை இருபது டெஸ்ட் என்று எண்ணுகிறார்கள். உங்களுக்குத் தேவைப்படுவது சிலதான்: பிரஷர், இடுப்பளவு, சுகர், கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின். முதல் இரண்டுக்கும் லேப் வேண்டாம். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குப் புற்றுநோய் மார்க்கர், வைட்டமின் வரிசை எல்லாம் பயத்தைத்தான் கொண்டுவரும்.

சுகருக்கு முந்தின இரவு சாப்பிட்டு எட்டு முதல் பத்து மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். இட்லி சாப்பிட்டுவிட்டு எடுப்பது ஏற்கெனவே சுகர் உள்ளவருக்கான கணக்கு. நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது போதாது. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் சரி, 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126-ம் அதற்கு மேலும் சுகர். குளுக்கோஸுக்குப் பின் 140-க்குக் கீழ் சரி, 200-ம் அதற்கு மேலும் சுகர். எச்.பி.ஏ.1.சி என்ற மூன்று மாதக் கணக்கில் 5.7-க்குக் கீழ் சரி, 6.5-லிருந்து சுகர். டெஸ்ட்டுக்கு முன் மூன்று நாள் இனிப்பை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. மூன்று மாதக் கணக்கு அதற்கு மசியாது.

பிரஷரைக் கடைக்கு ஓடுகிற அவசரத்தில் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். அதற்கு முன் அரை மணி நேரம் காபியும் சிகரெட்டும் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் கூடுதலாகக் காட்டும். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்த சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். இடுப்பை அளக்கும்போது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் டேப் வைக்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. பேண்ட் அளவு 34 என்பதால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடும் பேண்ட் அளவு அது.

ரிப்போர்ட் எப்படி வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் சுமார் 1.2 கிலோமீட்டர். பேசலாம், ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் இரண்டரைச் சுற்று அரை மணி நேரம் ஆகும். வாரம் ஐந்து நாள் போதும். 30-ஐத் தாண்டினால் தசை மெல்லக் கரையத் தொடங்கும், நடை மட்டும் அதைத் தடுக்காது. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று சுற்றுச் செய்யுங்கள். 70 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 58 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலை அவித்த சுண்டலில் 10 கிராம் கிடைக்கும்.

உங்கள் தொழிலில் உண்மையான வில்லன் இரவு பத்தரை மணிப் பரோட்டா. கடையிலேயே எட்டு மணிக்கு வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். இந்த ஒன்றை மாற்றாமல் 70 டெஸ்ட் எடுத்தும் பயன் இல்லை. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துப் பார்க்க வேண்டாம்.

வயது 47. மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறேன். தீட்டு இரண்டு மாதம் வராமல், வந்தால் பத்து நாள் நிற்காமல் போகிறது. மேலெல்லாம் திடீரென்று எரிகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார்கள்.
– வாசகி, உசிலம்பட்டி

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்கு முந்தின சில வருடங்கள் தள்ளிப்போவதும் எரிவதும் இயல்பு. பத்து நாள் நிற்காமல் போவது இயல்பில்லை. அதைக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து நனைந்தாலோ, இரண்டு தீட்டுக்கு நடுவிலோ உறவுக்குப் பின்னோ ரத்தம் பட்டாலோ தள்ளிப்போடக் கூடாது. முழுதாக 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே போக வேண்டும்.

முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன். 45-ஐத் தாண்டியவருக்கு கர்ப்பப்பை உள்தோலிலிருந்து துளி எடுத்துப் பரிசோதிப்பார்கள். அந்த ரிசல்ட் வருமுன் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மாத்திரையிலோ ஹார்மோன் சாதனத்திலோ அடங்குகிற உதிரப்போக்குதான் அதிகம். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்புத் தேய்மானம் சீக்கிரம் தொடங்கும். சந்தேகம் இருந்தால் மதுரை பெரியாஸ்பத்திரியில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை இலவசம்.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். டீயோடும் பாலோடும் போட்டால் ஏறாது. கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எலும்புக்குக் கேப்பை நல்லது: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். கம்பில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது, கூழ் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் தேவை, தீட்டு நின்றபின் 1,200. இன்னொன்று: தள்ளிப்போகிறது என்பதால் கரு தரிக்காது என்று இருக்க வேண்டாம். 50-க்குள் நின்றவருக்குக் கடைசித் தீட்டிலிருந்து இரண்டு ஆண்டு வரை பாதுகாப்பு தேவை.

அம்மா சொல்கிற பிறந்தநாள் ஆவணியில். சர்டிபிகேட்டில் அதற்கு முந்தின ஜூன் 1. 50 எப்போது முடிகிறது என்றே குழப்பம். எதை வைத்துக்கொள்வது?
– வாசகர், வாடிப்பட்டி

பள்ளியில் சேர்க்கத் தேதி போட்ட தலைமுறைக்கு இது பொதுவான சங்கதி. நட்சத்திரம், ஹோமம் எல்லாவற்றுக்கும் அம்மா சொல்வது. பென்ஷன், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் எஸ்.எஸ்.எல்.சி. தேதி. இரண்டு தேதி இருப்பது சிக்கல் இல்லை. ஆவணத்துக்கு ஆவணம் வேறுபட்டால்தான் சிக்கல். ஆதார், பான், வங்கி, பி.எஃப். நான்கையும் மேஜையில் பரப்பிப் பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே முறைதான் மாற்றலாம், ஆகவே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். பி.எஃப். அலுவலகம் 2024 ஜனவரியிலிருந்து பிறந்த தேதிக்கு ஆதாரைச் சான்றாக ஏற்பதில்லை. பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ வேண்டும். மாநில அரசு ஊழியர் என்றால் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் திருத்தம் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எதிர்பார்க்க வேண்டாம்.

நூற்பு மில்லில் 24 வருடம் வேலை பார்த்து நின்றுவிட்டேன். 50 ஆகிறது. பி.எஃப். பென்ஷனை இப்போதே வாங்கலாம் என்கிறார்கள். வாங்கவா, 58 வரை பொறுக்கவா?
– வாசகர், திருமங்கலம்

பத்து ஆண்டு சந்தா இருந்தால் 50-லிருந்து வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் கழியும். அந்தக் குறைவு ஆயுள் முழுக்க நிற்கும். 50-ல் எடுத்தால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மாறாக 60 வரை தள்ளினால் 58-க்கு மேல் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும்.

குறைகிறதே என்று பயந்து எல்லோரும் பொறுக்கச் சொல்வார்கள். கணக்கைப் போட்டால் அவ்வளவு எளிதில்லை. இப்போதே வாங்கினால் எட்டு வருடப் பென்ஷன் முன்கூட்டியே கைக்கு வருகிறது. பொறுத்திருந்தவர் அதை ஈடுகட்ட 75-லிருந்து 78 வயது வரை ஆகும். வேறு வேலை கிடைத்து வருமானம் இருந்தால் பொறுங்கள். வருமானம் இல்லை, உடம்பும் சரியில்லை, வட்டிக்கு வாங்கிச் சாப்பிடும் நிலை என்றால் இப்போதே படிவம் 10-டி கொடுங்கள். பொறுப்பதாக இருந்தால், படிவம் 10-சி கொடுத்துத் திட்டச் சான்றிதழ் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மில் மூடிப்போனால் பின்னால் சர்வீஸை நிரூபிக்க அதுதான் கையில் இருக்கும்.

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். 1966 ஆடியில் பிறந்தவர். திருக்கடையூரா, மதுரையிலேயே செய்வதா?
– வாசகி, சோழவந்தான்

1966 ஏப்ரல் 14 முதல் ஓராண்டு பராபவ வருடம். அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து அதே பராபவ 2026 சித்திரையில் பிறக்கிறது. அதன் ஆடியில் அப்பாவின் நட்சத்திர நாள்தான் சஷ்டியப்த பூர்த்தி. 59 முடியும்போது செய்வது உக்ரரத சாந்தி. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு வருடம் முன்னதாகவே மண்டபம் பிடித்துவிடுகிறவர்கள் உண்டு. மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் உங்கள் வீட்டு வழக்கத்தைக் கேளுங்கள்.

திருக்கடையூருக்கு வேனில் ஐந்தாறு மணி நேரம், முந்தின நாளே போய்த் தங்க வேண்டும். உறவுக்காரர்களில் வயதானவர்கள் அதிகம் என்றால் மதுரையில் செய்துவிட்டு, தம்பதி மட்டும் பின்னொரு நாள் போய் வருவது நல்லது. எங்கே செய்தாலும், சுகர் மாத்திரை போடுபவரை ஹோமம் முடியும் வரை பட்டினி போடாதீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் புகையில் உட்கார்ந்தால் சுகர் இறங்கி மயக்கம் வரும். அன்றைய மாத்திரை நேரத்தை டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். கலசத் தண்ணீர் ஊற்றும் இடம் வழுக்கும். மணைக்குக் கீழே சாக்கு விரித்து, எழும்போது இருபக்கமும் ஆள் நிற்கட்டும். மூட்டுவலி இருந்தால் தாழ்வான ஸ்டூலில் உட்கார வைப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை.

அரசுப் பள்ளி ஆசிரியர். அடுத்த வருடம் 60, ஓய்வு. கையில் பணம் வரும், வேலை இருக்காது. இரண்டுமே பயமாக இருக்கிறது.
– வாசகர், அலங்காநல்லூர்

பணம் வந்த முதல் ஆறு மாதத்துக்கு யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள், மாடி எடுக்காதீர்கள். ஓய்வுப் பணம் கரைவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும். ஐந்து ஆண்டுக் காலம். ஓராண்டுக்குள் எடுத்தால் வட்டியே இல்லை, அதன்பின் எடுத்தால் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள். அதனால் மொத்தமாக ஒரே கணக்கில் போடாமல் நான்கைந்தாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். குடும்ப மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் பணியில் இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அந்தக் கடிகாரம் இப்போதே ஓடட்டும்.

வேலையைப் பற்றி: கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றது 58 வயதில். அந்த 1976-ஆம் ஆண்டே மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். எல்லோரும் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, அதுவரை செய்த அதே தொழிலை அவர் தொடர்ந்தார் என்பது. ஓய்வுக்குப் பின் முன்பின் தெரியாத வியாபாரத்தில் இறங்குகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். நீங்கள் கணக்கு ஆசிரியர் என்றால், வாரம் மூன்று மாலை பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்பே அதைத் தொடங்கிவிடுங்கள். நேரமும் இடமும் முன்பே அமைந்துவிட்டால் ஓய்வுக்கு மறுநாள் காலை வெறுமையாக இருக்காது.

எனக்கு 46. பாண்டியன் எக்ஸ்பிரஸில் தனியாகச் சென்னை போகிறேன். கீழ் பெர்த் கேட்கலாமா, 60 ஆக வேண்டுமா?
– வாசகி, வில்லாபுரம்

கேட்கலாம். பெண்களுக்கு 45-லிருந்தும் ஆண்களுக்கு 60-லிருந்தும் கீழ் பெர்த் கோட்டா உண்டு. டிக்கெட் எடுக்கும்போது கோட்டா இடத்தில் லோயர் பெர்த், சீனியர் சிட்டிசன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணக் கோட்டாவில் போட்டுவிட்டு விருப்பம் மட்டும் குறித்தால் உறுதி இல்லை. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் இந்தக் கோட்டா கிடைக்காது. கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்பவில்லை.